ஏலமலைச் சரிவில் ஆகாரமும் ஈரற் கொழுப்பும்

நிலத்தின் உரத்தையும், கறவையின் மடியையும், ஏலச்செடியின் தூரையும் நாள்தோறும் நோக்கி, சிறிது வாட்டம் தோன்றினும் உடனே பரிகாரம் தேடுபவர் நம் குடியானவர். ஆனால் தமது தேகத்தினுள்ளே, வலப்பக்க விலாவின் கீழ் அமைந்துள்ள கல்லீரலைப் பற்றி அவர் நினைப்பதே இல்லை. நினைக்கும்படி அதுவும் செய்வதில்லை. ஏனெனில் தன் நோயை அது நெடுநாள் வரை வெளிக்காட்டாது. வேறு ஏதோ காரணத்திற்காக வயிற்றை ஸ்கான் எடுத்துப் பார்க்கும்போது, "ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது" என்று வைத்தியர் சொல்லக் கேட்டுத் திகைப்பவர் போடிநாயக்கனூர் நகரத்திலும் உண்டு. அதனைச் சூழ்ந்த மலையடிவாரக் கிராமங்களிலும் உண்டு.

அவ்வாறு கேட்டவர் மனத்தில் எழும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே. "நான் மது அருந்துவதில்லையே, எனக்கு இது எப்படி வந்தது?" என்பது ஒன்று. "நெய்யையும் எண்ணெயையும் நிறுத்திவிட்டால் போதுமா?" என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை நமது சோற்றுப் பானையிலும் தேநீர்க் குவளையிலும் பெரிதும் அடங்கியிருக்கிறது. உண்ணும் தானியமும் சர்க்கரையும் செய்யும் வேலைக்கு மிஞ்சிப் போவதே இவ்வியாதியின் முக்கியமான வேர் என்பதையும், அவ்வேரை நாமே களைந்துவிடலாம் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈரல் என்னும் களஞ்சியம்

வளர்ந்த மனிதனுடைய கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. நாம் உண்ணும் சோறு, இட்லி, களி முதலிய மாவுப் பண்டங்கள் குடலில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலந்தவுடன் முதலில் வந்து சேரும் இடம் அதுவே. வீட்டிலுள்ள குதிரைப் போல அது அச்சர்க்கரையில் ஒரு பகுதியைச் சேமித்து வைக்கிறது. ஆயினும் அக்குதிர் சிறியது. சுமார் 100 கிராம் அளவே அதில் கொள்ளும். உழைப்பாளியின் தசைகள் மேலும் சிலமடங்கு வாங்கிக் கொள்ளும். தசைகளுக்கு வேலையில்லாத போது அவையும் நிறைந்தே இருக்குமாதலால், மேன்மேலும் வரும் சர்க்கரையை ஈரல் கொழுப்பாக மாற்றத் தொடங்குகிறது.

இவ்வாறு செய்த கொழுப்பைப் புரதத்தில் பொதிந்து இரத்தத்தின் வழியே வெளியே அனுப்புவதும் ஈரலின் கடமையே. வரவு செலவை மிஞ்சும்போது மீதி ஈரலிலேயே தங்கிவிடுகிறது. ஈரலில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் கொழுப்பு சேர்ந்துவிட்டால் அதனைக் கொழுப்பேறிய ஈரல் என்று வைத்தியர்கள் கூறுகிறார்கள்.

2005-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், இந்நோயுற்றவர்களின் ஈரலில் இருந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்பதை அடையாளமிட்ட பொருள்களைக் கொண்டு அளந்து பார்த்தார்கள். அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 59 பங்கு தேகத்தின் மற்றக் கொழுப்புப் பைகளிலிருந்து கசிந்து வந்தது; 26 பங்கு சர்க்கரை முதலியவற்றிலிருந்து ஈரல் தானே செய்துகொண்டது; அன்றாடம் உண்ட எண்ணெய், நெய் இவற்றிலிருந்து நேராக வந்தது 15 பங்கு மட்டுமே. வயிற்றைச் சுற்றித் தொப்பையாகத் திரண்ட கொழுப்பும் பெரும்பாலும் மிகையான உணவால் சேர்ந்ததே. ஆகவே நெய்யை மட்டும் நிறுத்திவிட்டு, சோற்றையும் சர்க்கரையையும் முன்போலவே உண்பவர், மதகை அடைக்காமல் வாய்க்காலை மட்டும் தூர்ப்பவரை ஒப்பர்.

கொழுப்புத் தங்கிய நிலையோடு நின்றால் ஆபத்துக் குறைவு. ஆனால் சிலருக்கு ஈரலில் அழற்சி உண்டாகி, பின்னர் நார்போன்ற தழும்புகள் படர்ந்து, முடிவில் ஈரல் சுருங்கி இறுகிப் போகிறது. இதற்குப் பல ஆண்டுகள் செல்லும். அந்நிலையில் வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி, அறிவு மயக்கம் முதலிய உபத்திரவங்களும், சிலருக்கு ஈரலில் புற்றுநோயும் தோன்றுகின்றன. அதற்கு முன்பே இருதய வியாதியால் உயிர் துறப்பவரும் பலர். தழும்பு முற்றுவதற்கு முன் திருத்திக் கொண்டால் ஈரல் தன்னைத் தானே புதுப்பித்துக் கொள்ள வல்லது என்பது நமக்குக் கிடைத்துள்ள பெரும் பாக்கியம்.

கோழியிலும் கறவையிலும் காண்பது

கால்நடை வளர்ப்போருக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. கூண்டில் அடைக்கப்பட்டு, மக்காச்சோளம் மிகுந்த சத்துத் தீவனத்தை நாள் முழுதும் கொத்தி, அசையாமல் முட்டையிடும் கோழிகள், நன்றாக இருந்தவை திடீரென்று செத்து விழுவதுண்டு. அறுத்துப் பார்த்தால் ஈரல் மஞ்சளாய், வெண்ணெய் போல் குழைந்து, இரத்தம் கசிந்திருக்கும். அக்கோழி எண்ணெய் குடித்ததில்லை, மது அருந்தியதுமில்லை. தானியம் மிகுந்ததும் நடமாட்டம் குறைந்ததுமே அதனைக் கொன்றன. ஐரோப்பாவில் வாத்துக்களின் ஈரலைக் கொழுக்க வைத்து உண்ணும் வழக்கமும் இம்முறையைக் கொண்டதே. பண்டைய ரோமானியர் அத்திப்பழத்தைத் திணித்தார்கள். இக்காலத்துப் பிரெஞ்சு நாட்டார் மக்காச்சோளத்தைத் திணிக்கிறார்கள்.

கறவை மாட்டின் செய்தி வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. சினைக்காலத்தில் அளவுக்கு மீறிக் கொழுத்த பசு, கன்று ஈன்றபின் தீனி எடுக்காமல் பால் மட்டும் கறந்து கொண்டிருக்குமாயின், அதன் உடற்கொழுப்பு முழுதும் கரைந்து ஈரலில் வந்து குவிந்து நோயை விளைவிக்கும். மனிதரிலும் அப்படியே. ஈரற் கொழுப்பைக் கரைக்க வேண்டுமென்று வாரக்கணக்கில் பட்டினி கிடந்து திடீரென்று இளைப்பது ஈரலுக்குத் தீங்கே தரும். வாரத்திற்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடை குறைவதே தக்க வேகம்.

குன்னூரில் நடந்த ஆராய்ச்சி

ஆகாரத்திற்கும் ஆரோக்கியத்திற்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்வதில் நமது தமிழ்நாட்டு மலையொன்று முற்காலத்திலேயே பேர்பெற்றிருக்கிறது. 1918-ஆம் ஆண்டில் நீலகிரியிலுள்ள குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்னும் வைத்தியர் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் ஆகாரங்களை அவர் எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியரின் ஆகாரத்தை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரும்பாலும் கொண்ட சென்னை மாகாணத்து ஆகாரத்தை உண்டவை மெலிந்து பின்தங்கின. அந்நிலையமே 1958-ஆம் ஆண்டில் ஹைதராபாத்துக்கு மாற்றப்பெற்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

குன்னூரிலேயே பின்னர் சி. கோபாலன், வி. இராமலிங்கசுவாமி முதலிய அறிஞர்கள், புரதம் குறைந்த ஆகாரத்தால் ஏழைக் குழந்தைகளுக்கு வரும் குவாஷியார்க்கர் என்னும் நோயையும், அத்தகைய குறைவால் ஈரலுக்கு நேரும் கேட்டையும் ஆராய்ந்தார்கள். அந்நோயில் குழந்தையின் கைகால் மெலிந்திருக்க, ஈரல் மட்டும் கொழுப்பால் பருத்திருக்கும். கொழுப்பைப் பொதிந்து வெளியே அனுப்பப் புரதம் வேண்டும் என்று மேலே கூறினோம். அது இல்லாவிடில் கொழுப்பு உள்ளேயே தேங்கும். எனவே மாவுப்பண்டம் மிகுவதும், பருப்பு, பால், முட்டை முதலிய புரதங்கள் குறைவதும் ஈரலுக்கு இரட்டைத் தீங்கு என்பது தெளிவாகும். நமது நாட்டுச் சாப்பாட்டில் இவ்விரண்டும் ஒருங்கே நேர்வதே கவலைக்குரியது.

உழைப்பவருக்கு வராதா?

1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மேயோ வைத்தியசாலையில் யூர்கன் லுட்விக் என்பவர், மது அருந்தாத 20 நோயாளிகளின் ஈரலில் குடியர்களின் ஈரலில் காணும் மாறுதல்களே இருக்கக் கண்டு, அதற்குத் தனிப்பெயர் இட்டார். அதுவரை இத்தகைய நோயாளிகள் குடியை மறைப்பதாகவே வைத்தியர்கள் சந்தேகித்தது உண்டு. நீரிழிவு, பருமன் முதலியவற்றோடு இணைந்த உடற்சத்து மாற்றக் கோளாறே இதன் மூலம் என்பது விளங்கவே, 2023-ஆம் ஆண்டில் உலக வைத்தியர் சங்கங்கள் அக்காரணத்தைக் குறிக்கும் புதுப்பெயரை இந்நோய்க்கு வழங்கின.

சென்னை நகரத்தில் 541 பேரைச் சோதித்து 2009-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்றில், நூற்றுக்கு 32 பேருக்கு ஈரற் கொழுப்பு இருப்பது தெரியவந்தது. நீரிழிவு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது இருந்தது. "அது பட்டணத்து வியாதி, நமக்கென்ன?" என்று கிராமத்தார் கூறலாம். மேற்கு வங்காளத்துப் பீர்பூம் ஜில்லாவின் கிராமங்களில் 1,911 பேரைச் சோதித்து 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு அவ்வெண்ணத்தை மாற்றும். அங்கே நூற்றுக்கு 9 பேர் அளவில் இந்நோய் இருந்தது. அவர்களில் முக்கால் பங்கினர் பருமனற்றவர்கள். பார்வைக்கு ஒல்லியாயிருப்பது ஈரலுக்கு உத்தரவாதம் அன்று.

நமது ஏலமலைச் சரிவுக்கு மிகவும் பொருத்தமான சான்று இலங்கையிலிருந்து வருகிறது. நுவரெலியா ஜில்லாவில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் வாழும் 35 முதல் 64 வயது வரையுள்ள 403 பேரை அந்நாட்டு வைத்திய ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2011-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய அனைவரும் தமிழர், மலைச்சரிவில் உழைப்பவர், வறியவர். ஆயினும் நூற்றுக்கு 18 பேருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. பெண்களைவிட ஆண்களுக்கே அது மிகுதியாகக் காணப்பட்டது. இடுப்புச் சுற்றளவும், இரத்தத்தில் சர்க்கரையும், இரத்த அழுத்தமும் மிகுந்தவர்களிடமே அது பெரிதும் இருந்தது. கொழும்புக்கு அருகிலுள்ள ராகம என்னும் நகரப்பகுதியிலோ மூவரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. உழைப்பு ஈரலைக் காக்கிறது என்பதும், உழைப்பு மட்டுமே போதாது என்பதும் இவ்விரு கணக்குகளால் புலப்படும்.

போடிச் சீமையின் இன்றைய நிலை

ஏலத்தோட்டத்து வேலை கடினமானது. களை எடுத்தல், நிழல்மரம் கவாத்துச் செய்தல், மருந்து தெளித்தல், பருவத்தில் நாற்பது நாற்பத்தைந்து நாட்களுக்கு ஒருமுறை காய் எடுத்தல் என்று ஆண்டு முழுதும் ஆட்களுக்கு வேலை உண்டு. முற்காலத்தில் அடிவாரத்திலிருந்து மலைக்குச் செல்வதே பெரிய உழைப்பாக இருந்தது. சுமைகள் தலையிலும் கழுதை முதுகிலும் ஏறின. இன்று முந்தலிலிருந்து போடிமெட்டு வரை வளைந்து ஏறும் சாலையில் ஜீப்புகள் விடியற்காலையில் ஆட்களை ஏற்றிச் சென்று மாலையில் இறக்கிவிடுகின்றன. தோட்ட உரிமையாளர் மோட்டார் வண்டியிலே சென்று வருகிறார். ஏல விற்பனைக் கூடத்திலும் மண்டியிலும் வேலை செய்வோர் நாள் முழுதும் அமர்ந்தே இருக்கின்றனர். சமவெளியிலும் உழவை டிராக்டரும், நீர் இறைப்பை மின்சார மோட்டாரும் ஏற்றுக் கொண்டுவிட்டன.

இவற்றை நாம் குறை கூறவில்லை. முதுகொடியும் உழைப்பு குறைந்தது நன்மையே. ஆனால் ஏற்றம் இறைத்த பாட்டன் உண்ட அளவு சோற்றை, மோட்டார் பொத்தானை அழுத்தும் பேரனும் உண்கிறான் என்பதே கணக்கில் நேர்ந்த பிழை. அன்றியும், பாட்டன் உண்ட சோளம், கம்பு, சாமை, கேழ்வரகு இவற்றின் இடத்தைத் தீட்டிய வெள்ளரிசியும், மாலை வேளைகளில் மைதாப் பரோட்டாவும் கைப்பற்றியுள்ளன. அவன் அறியாத இனிப்புக் குளிர்பானங்களும் பொட்டலப் பலகாரங்களும் மலையுச்சிக் கடை வரை ஏறிவிட்டன.

தேநீரையே எடுத்துக் கொள்வோம். ஒரு குவளைக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால் 8 முதல் 10 கிராம் ஆகிறது. குளிரும் அலுப்பும் காரணமாக நாளொன்றுக்கு ஐந்து குவளை அருந்துபவர் 40 முதல் 50 கிராம் சர்க்கரையைத் தேநீரிலேயே உட்கொள்கிறார். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியோ, நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை 20 முதல் 25 கிராமுக்குள் இருக்க வேண்டுமென்கிறது. கரும்புச் சர்க்கரையில் பாதி பழச்சர்க்கரை. அது தசைகளுக்குப் பயன்படாமல் பெரும்பாலும் ஈரலுக்கே சென்று, அங்கே எளிதில் கொழுப்பாகிவிடும். வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் தேனும் இவ்விஷயத்தில் வேறுபட்டவை அல்ல.

ஆகாரத்தில் செய்யத்தக்க மாறுதல்கள்

முதலாவது, சோற்றைக் குறைத்தல். தட்டின் பாதியைக் காய்கறியும் கீரையும் நிரப்ப வேண்டும். கால்பங்கைப் பருப்பு, பயறு, முட்டை, மீன், மோர் இவற்றில் இயன்றது நிரப்ப வேண்டும். எஞ்சிய கால்பங்கே சோறு அல்லது களிக்கு உரியது. காய்கறியையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்பது அளவைத் தானே குறைக்கும். நாள் முழுதும் மலையில் உழைப்பவருக்குத் தானியம் சற்றுக் கூடுதலாகலாம்; கணக்கெழுதுபவருக்கு ஆகாது.

இரண்டாவது, புரதத்தைக் கூட்டுதல். 100 கிராம் அரிசியில் 7 அல்லது 8 கிராம் புரதமே உள்ளது. அதே எடைத் துவரம்பருப்பில் 22 கிராம் அளவில் இருக்கிறது. குழம்பில் பருப்பைத் தேடிப் பார்க்க வேண்டிய நிலை மாற வேண்டும். மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு, பாசிப்பயறு, அவரை இவை நமது மானாவாரி நிலங்களுக்குப் பழக்கமானவை. விற்பதற்கு முன் வீட்டுக்கென ஒரு பங்கை எடுத்து வைத்தல் குடும்பத் தலைவரின் கடமை. முட்டையின் மஞ்சட் கருவிலும் பயறுகளிலும் உள்ள கோலின் என்னும் சத்து, ஈரல் கொழுப்பை வெளியேற்றத் துணை செய்வது. 1930-களில் இன்சுலின் புகழ்பெற்ற சார்ல்ஸ் பெஸ்ட் என்பவரும் அவர் துணைவர்களும் நாய்களிலும் எலிகளிலும் இதனைக் கண்டறிந்தார்கள்.

மூன்றாவது, சிறுதானியங்களை முறையறிந்து உண்ணுதல். கேழ்வரகிலும் சாமையிலும் தினையிலும் நார்ச்சத்து மிகுதி. பசி விரைவில் திரும்பாது. ஆனால் அவையும் மாவுப்பண்டங்களே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்து 2025-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியின்படி, இந்தியர் பெறும் சக்தியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுப்பண்டங்களிலிருந்தே வருகிறது. அரிசிக்குப் பதில் கோதுமை அல்லது சிறுதானிய மாவு என்று மாற்றி, மொத்த அளவைக் குறைக்காதவர்களுக்கு நீரிழிவு அபாயம் குறைந்ததாக அதில் காணப்படவில்லை. ஒரு பங்கு தானியத்தைக் குறைத்துப் புரதத்தைச் சேர்த்தவர்களுக்கே குறைந்து காணப்பட்டது. ஆதலால் மூன்று உருண்டைச் சோற்றுக்கு மூன்று உருண்டைக் களி பரிகாரமாகாது. ஒரு உருண்டைக் களியும் ஒரு கிண்ணம் பயறுமே பரிகாரம்.

நான்காவது, பழங்களைப் பழமாகவே உண்ணுதல். போடியின் மாந்தோப்புக்களும் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையும் நமக்குப் பெருமை தருவன. அளவாக உண்ட பழம் தீங்கு செய்யாது. பிழிந்து சர்க்கரை கலந்த சாறு தீங்கு செய்யும்.

ஐந்தாவது, எண்ணெயில் அளவும் தூய்மையும். ஒருவருக்கு மாதம் அரை லிட்டருக்கு மேற்படாமல் இருப்பது நலம். ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிச் செய்யும் கடைப் பலகாரங்களை ஒதுக்க வேண்டும்.

ஆறாவதாக ஒரு நற்செய்தியும் உண்டு. நமது சரிவுகளில் விளையும் காப்பி ஈரலுக்குப் பகையன்று. நாளொன்றுக்கு இரண்டு மூன்று குவளை காப்பி அருந்துவோரிடம் ஈரல் தழும்பு குறைவாகக் காணப்படுவதாகப் பல நாட்டு ஆராய்ச்சிகள் கூறுகின்றன. ஆனால் சர்க்கரையைக் கொட்டி அருந்தினால் அந்நன்மை கரைந்துபோகும்.

ஏலக்காயே மருந்தாகுமா?

ஏலக்காய் ஈரற் கொழுப்பைக் கரைக்கும் என்னும் பேச்சு வியாபார வட்டாரங்களில் எழக்கூடுமாதலால் அதனையும் ஆராய்வோம். ஈரான் நாட்டில், பருமனும் ஈரற் கொழுப்பும் உள்ள 87 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 3 கிராம் ஏலக்காய்த் தூளும், மற்றவருக்கு மருந்தற்ற போலி உறைகளும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து, 2018-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஏலக்காய் உண்டவர்களுக்கு அழற்சியின் அடையாளங்களும் ஈரற் கொழுப்பின் படியும் ஓரளவு குறைந்தன. தேக எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செய்தி நம்பிக்கை தருவதே. ஆயினும் சிறு கூட்டத்தில், குறுகிய காலம் நடந்த சோதனையைக் கொண்டு மருந்தென்று விளம்பரம் செய்தல் தகாது. சர்க்கரை குறைத்த தேநீரில் மணத்திற்காக ஏலக்காய் தட்டிப் போடுவதே நாம் துணிந்து கூறத்தக்க உபயோகம். அதனால் சர்க்கரையின் குறை நாவுக்குத் தெரியாது.

பெயர் தெரியாத சூரணங்களையும் லேகியங்களையும் ஈரலுக்கென்று வாங்கி உண்பதில் ஆபத்தும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் சீந்தில் கஷாயத்தை விடாது அருந்திய சிலருக்கு ஈரல் அழற்சி உண்டானதை மும்பை வைத்தியர்கள் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் இந்நோய்க்கு முதல் மருந்தை அங்கீகரித்தபோதும், ஆகாரக் கட்டுப்பாட்டோடும் தேகப்பயிற்சியோடும் சேர்த்தே அதனை உட்கொள்ள வேண்டுமென விதித்தது.

மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. மலைக்குளிருக்கு மது வெப்பம் தரும் என்பது மயக்கமே. தோலுக்கு இரத்தம் பாய்வதால் சூடு தோன்றி, உள்ளேயுள்ள வெப்பம் வெளியேறிவிடும். ஏற்கனவே கொழுப்பேறிய ஈரலில் மது சேர்வது, காய்ந்த சருகில் நெருப்பு விழுவது போன்றது. ஈரற் கொழுப்பு உண்டென்று அறிந்தவர் மதுவை அறவே விடுவதே முறை.

சோதித்தலும் திருத்தலும்

வைத்தியசாலைக்குச் செல்வதற்கு முன் வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை, ஓர் அளவு நாடாவால் இடுப்பைச் சுற்றி அளப்பது. ஆடவருக்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிருக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. இதனை மீறியவரும், நீரிழிவு, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு உள்ளவரும் ஈரலைச் சோதித்துக் கொள்ள வேண்டும். ஸ்கானில் கொழுப்பு தெரிந்தால் அஞ்ச வேண்டாம். அசட்டை செய்யவும் வேண்டாம். வயது, ஈரல் நொதிகள் இரண்டு, இரத்தத் தட்டணுக்கள் ஆகிய நான்கு எண்களைக் கொண்டு தழும்பு உண்டா என்பதை வைத்தியர் எளிதில் மதிப்பிடுவார்.

தேக எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தால் ஈரற் கொழுப்பு குறைகிறது. 7 முதல் 10 பங்கு குறைந்தால் அழற்சி தணிகிறது. 10 பங்கும் அதற்கு மேலும் குறைந்தவர்களில் பலருக்குத் தழும்பும் மறையத் தொடங்குகிறது. 80 கிலோ எடையுள்ளவருக்கு இது 8 கிலோ. மூன்று நான்கு மாதங்களில் பொறுமையோடு அடையத்தக்கது. வாரத்திற்கு 150 நிமிஷம் வேகமான நடையும் வேண்டும். தோட்டத்திற்கு வண்டியில் செல்பவர் கடைசி ஒரு மைல் தூரத்தை நடந்து செல்வாராயின் அக்கணக்கில் பெரும்பகுதி நிரம்பிவிடும்.

கிராம உத்தியோகஸ்தர்களும் ஊராட்சித் தலைவர்களும் செய்யத்தக்க பணியும் உண்டு. இந்திய அரசாங்கம் 2021-ஆம் ஆண்டில் ஈரற் கொழுப்பு நோயையும் தொற்றா வியாதிகள் தடுப்புத் திட்டத்தில் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் ஊழியர் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் வீட்டுக்கே வந்து சோதிக்கின்றனர். விடியலில் ஜீப் ஏறி இருட்டியபின் திரும்பும் தோட்டத் தொழிலாளர் அவர்கள் கண்ணில் படுவது அரிது. ஜீப் புறப்படும் இடத்திலோ, வேலையில்லாத நாளிலோ அவர்களுக்கெனத் தனியே சோதனைக்கு ஏற்பாடு செய்வது கிராம நிர்வாக அலுவலர் முயன்றால் கைகூடும். கிராம சபையில் இதனைப் பற்றிச் சில நிமிஷம் பேசச் செய்யலாம். தோட்ட உரிமையாளர், ஆட்களுக்குக் கொடுக்கும் தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்கி, உடன் அவித்த பயறு ஒரு கைப்பிடி கொடுப்பாராயின், செலவு சிறிது, பயன் பெரிது. வீட்டுக்கொரு முருங்கையும் நான்கு பாத்திக் கீரையும் வளர்க்க நிலமில்லாதவர் நம்மில் குறைவு.

வரவறிந்து செலவு செய்யும் குடியே வாழும் என்பது நாம் அறிந்ததே. ஈரலின் கணக்கில் மட்டும் அது தலைகீழாக நிற்கிறது. அங்கே செலவறிந்து வரவு வைக்க வேண்டும். இன்று எவ்வளவு உழைத்தோம் என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்ற சோற்றை இலையில் இடுவோமாயின், ஈரல் தன் கடமையை நெடுங்காலம் ஓசையின்றிச் செய்துவரும். அவ்வாறு கணக்கிட்டு உண்ணும் பழக்கத்தை அடுத்த மாதத்திற்கு ஒத்திவையாமல், இன்றிரவு உணவிலேயே குடியானவர்கள் தொடங்குவார்களாக.